காலியாக விட்ட கட்டம்

பதுளைக் கம்ப்யூட்டர் கடையில் நிரஞ்சலா தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, இப்போது இணையதளங்களுக்குப் புரோகிராம் எழுதுபவள். அக்காவின் கல்யாண அழைப்பையும் அவளுடைய புரோகிராம்தான் மின்னஞ்சலில் அனுப்பியது. அழைப்பு ஒன்றுதான், ஆளுக்கு ஆள் பெயரும் உறவுமுறையும் மட்டும் பட்டியலிலிருந்து தானாக நிரம்பும்.

உடன் வேலை செய்யும் விஜேந்திரன் வாடிய முகத்தோடு வந்தான்.

“என்னங்க, ‘விஜேந்திரன் அண்ணா’ன்னு வந்திருக்கு? ரெண்டு வருசமா பஸ்சுல சீட்டு புடிச்சுக் குடுத்தது அண்ணனாவா?”

“நான் எங்க போட்டேன்? பட்டியல்ல முறை எழுதுற கட்டத்தக் காலியா விட்டா, ஆம்பளைங்களுக்குப் புரோகிராம் அதுவா அண்ணான்னு போட்டுக்கும்.”

“அப்ப எனக்கு எழுதாம விட்டீங்களா?”

“ஆமா.”

அவன் முகம் தெளிந்தது. “ஏன் விட்டீங்க?”

நிரஞ்சலா ஈரக் கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனாள்.