பிரேசில், ஜெர்மனி, வல்லம்

அந்த ஆவணி முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செஞ்சியில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கட்டுரை எழுதுவது என் வேலை. கரும்பு, சாணம், மரக்கழிவு இவற்றிலிருந்து எந்த நாடு எவ்வளவு எரிசக்தி எடுக்கிறது, எது வேகமாக வளர்கிறது என்று ஒப்பிட வேண்டும். பிரேசில் கரும்பு எத்தனாலில் கார் ஓட்டியது. ஜெர்மனி மக்காச்சோளத்திலிருந்து வாயு எடுத்தது. இந்தியாவுக்கு வந்ததும் கை நின்றுவிடும். மாடிக்குப் போவேன், கோட்டை மலையைப் பார்ப்பேன், இறங்கி வந்து எழுதியதை அழிப்பேன்.

காரணம் நைனா, என் அப்பா. நான் படித்துச் சொன்னதையெல்லாம் கேட்டவர், பக்கத்து ஊரான வல்லத்தில் கொட்டகை பிடித்து வேர்க்கடலைத் தோலை வாங்கிக் குவித்துவிட்டார், ஆலை பாய்லர்களுக்கு எரிபொருளாக விற்க. லாரி வருவதற்குள் மழை வந்தது. கூரை ஒழுகியது.

ஒரு காலையில் போன் செய்தார்.

"பாப்பா, குவியல்லேர்ந்து பொகை வருது."

"தண்ணி ஊத்துனீங்களா நைனா?"

"மேல ஊத்தி இன்னா பிரயோஜனம்? உள்ளதான் வேவுது. நீ வா."

ஸ்கூட்டியில் பறந்தேன். ஈரத் தோல் தானாகவே சூடேறியிருந்தது. பக்கத்து நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த இரண்டு அக்காக்களும் ஓடிவந்தார்கள். நால்வரும் குவியலைப் பிரித்து வெளியே இழுத்துப் போட்டோம். நடுவில் கரிந்திருந்தது. காற்றுப் பட்டதும் குப்பென்று நெருப்பு எழ, ஓர் அக்கா ஈரச் சாக்கைப் போட்டு மிதித்தார். சாயங்காலத்துக்குள் பாதித் தோலைக் காப்பாற்றிவிட்டோம்.

முகமெல்லாம் கரியோடு நைனா கேட்டார்: "அந்த நாட்டுக்காரன்லாம் இத நனையாம எங்கம்மா வெக்கிறான்?"

எத்தனையோ அறிக்கை படித்தும் அதைத் தேட எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் தேடினேன்; ஜெர்மனியில் மக்காச்சோளத்தைக் காற்றுப் புகாமல் பாய் போட்டு மூடிவைக்கிறார்கள். இந்தியப் பகுதியை உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் எழுதினேன், வயலுக்கும் பாய்லருக்கும் நடுவில் நனைந்து வீணாவதைப் பற்றி. "நாடுகளப் பத்திக் கேட்டா கொட்டகையப் பத்தி எழுதியிருக்கீங்களே" என்றார் சென்னை நிறுவனத்து ஆசிரியர். வெட்டி ஒரு பத்தி மட்டும் விட்டுவைத்தார்.

காய்ந்த பாதியை லாரி ஏற்றிப்போனது. நைனா தகரக் கூரை போட்டு அடுத்த லோடுக்குப் பேசப் போய்விட்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வானம் கறுத்தால் போதும், வல்லத்துக்குப் போன் போட்டுவிடுகிறேன்.