வளைவில் ஊளையிட்ட கார்

லிஃப்ட் பரிசோதகராக இருந்தவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் பாம்புக்காது. எட்டாவது மாடியில் ஏதாவது லேசாக முனகினால், கீழே நின்றபடியே தலையைச் சாய்த்து, "இன்னும் ஆறு மாசம் தாங்கும்" என்பார். ஐந்தாம் மாதமே அது உயிரை விட்டுவிடும். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. முப்பத்தொரு வருடமாக அவர் எழுதிய அறிக்கைகளில் ஒரே வாசகம்தான்: 'சத்தம் வருகிறது, பிரித்துப் பார்க்கவும்.' செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிற கட்டடக்காரர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவருடைய காரே முனக ஆரம்பித்தது. பதினான்கு மாதம் தள்ளிப்போட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கார்தான் அவருடைய அக்காவை அத்தானிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அத்தானுக்கு நினைவு கரைந்து, ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். பார்த்த வேலை, பெண்டாட்டி பெயர், காலையில் சாப்பிட்டோமா இல்லையா, எல்லாம் போயாயிற்று. ஆனால் ஞாயிறு பத்து மணிக்குக் கார் உள்ளே நுழையும்போது, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு கேட் அருகே நிற்பார். அக்கா இறங்கியதும், "வந்துட்டியா? ஏன் இவ்ளோ லேட்டு?" என்று சிடுசிடுப்பார். உள்ளே போய் உட்காருவதற்குள் அவள் யாரோ ஆகிவிடுவாள். அந்த ஒரு திட்டை வாங்குவதற்காக அக்கா மற்ற ஆறு நாளையும் ஓட்டினாள்.

கடைசியில் ஒரு நாள் பாம்புக்காது காரை ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கியர்பாக்ஸை இறக்கணும் சார்" என்றார், அவருடைய லிஃப்ட் கதையெல்லாம் தெரிந்த மெக்கானிக். "உள்ள பேரிங் பூரா தேஞ்சுபோச்சு. வண்டி விலையில பாதி ஆகும்."

"பிரிக்காமலே எப்படிப்பா சொல்ற?"

"நீங்க மட்டும் எட்டாவது மாடிக்கு ஏறிப் பாத்துட்டா சொன்னீங்க?"

"சரி, பண்ணலன்னா?"

"ஓடும். ஒரு மாசமும் ஓடலாம், ரெண்டு வருஷமும் ஓடலாம். வாரத்துக்கு ஒரு நாள் எடுக்குற வண்டி. நானா இருந்தா பண்ண மாட்டேன் சார்."

வருகிற வேலையை வேண்டாம் என்கிற மெக்கானிக்கைக் கண்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பாம்புக்காதுக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று. அக்காவிடம் கேட்டார்.

"சத்தம் போட்டா போட்டுட்டுப் போகுது. உங்க அத்தான் குறட்டைய நாப்பது வருஷம் கேட்டவடா நான். பேசாம விடு."

"நடு வழியில நின்னுட்டா என்னக்கா பண்றது? அவரு பாட்டுக்கு கேட்டுலயே நின்னுட்டிருப்பாரே."

"சரி, குடுத்துத் தொலை" என்றாள் அக்கா. அவளிடம் அவர் வாதாடி ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. மெக்கானிக் சாவியோடு ஒரு சாக்கு மூட்டையையும் நீட்டினார். "கழட்டின பழைய சாமான். மாத்தாமலே காசு வாங்கிட்டேன்னு யாரும் பேசக்கூடாது பாருங்க, அதான் எல்லாருக்கும் குடுத்துடுவேன்." சுத்தமான மனிதரான பாம்புக்காது, குப்பையை வீட்டுக்குள் சேர்ப்பானேன் என்று வழியிலேயே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கார் பூனை மாதிரி போயிற்று. பெருமையாக அக்காவைப் பார்த்துக்கொண்டே வந்தார். கேட் அருகே யாரும் இல்லை.

உள்ளே அத்தான் பனியனோடு உட்கார்ந்திருந்தார். "இன்னும் வண்டி வரலன்னு கோவமா இருக்காரு" என்றாள் நர்ஸ்.

"வந்து பத்து நிமிஷம் ஆச்சேம்மா!"

"நெசமாவா? அந்த வளைவுல திரும்பும்போதே உங்க வண்டி ஊளையிடுமே. அது காதுல விழுந்தாத்தான் சட்டை எங்கன்னு கேப்பாரு." அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா சார்?"

அத்தான் எழுந்து, அக்காவைப் பார்த்து மரியாதையாகக் கைகூப்பினார். "வாங்க. யாரைப் பாக்கணும்?"

"உங்களத்தான்" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே பாம்புக்காது ஒர்க்ஷாப் வாசலில் நின்றார். பழைய பேரிங்கையே திரும்ப மாட்ட முடியுமா என்று கேட்டார். விஷயத்தைக் கேட்ட மெக்கானிக் சிரிக்கவில்லை. "கொண்டாங்க, மாட்டிப் பாத்துடலாம். மூட்டை எங்க?"

இரும்புக் கடையில் சரக்கு சனிக்கிழமையே லாரி ஏறியிருந்தது.

அடுத்த ஞாயிறு, வளைவில் முதல் கியரைப் போட்டு உறுமவிட்டுப் பார்த்தார். கேட் காலியாகத்தான் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு ஹாரனை அழுத்திப் பிடித்தார். அத்தான் கட்டிலில் சுருண்டு காதைப் பொத்திக்கொண்டதாக நர்ஸ் சொன்னாள். ஹாரனையும் விட்டார்.

திரும்பி வரும்போது அக்கா அவர் தோளைத் தட்டினாள். "விடுடா தம்பி. நீ நல்லதுக்குத்தானே பண்ணே. வண்டி நல்லா ஓடுதுல்ல?" அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே ஆறுதல்தான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

சிக்னலில் கார் நின்றது. இன்ஜின் ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்று பாம்புக்காதுக்கே தெரியவில்லை. சாவியை இன்னொரு முறை திருப்பினார். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் கிரீச்சென்று கத்தியது. இருவரும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அது அந்தச் சத்தம் இல்லை.