வலி தெரியாத நடை

லாயத்தில் என் சித்தியைப் போலீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். குதிரைக்கு ஒரு சின்னச் சிராய்ப்பு என்றாலும் அவள் கண்ணிலிருந்து தப்பாது. கல்யாணமான நாளிலிருந்து அவளும் சித்தப்பாவும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். நான் படித்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

கறுப்பி என்ற பெண் குதிரை நொண்டத் தொடங்கியதும், சித்தி அதை இறுகிய தரையில் நேராக ஓட வைத்துப் பார்த்தாள். தலை தாராளமாக அசையட்டும் என்று கயிற்றைத் தளர்த்தச் சொன்னாள். முன் வலது கால் தரையில் பட்டபோதெல்லாம் தலை மேலே எழும்பியது. இடது கால் பட்டபோது தாழ்ந்தது. பிறகு குனிந்து குளம்புகளைத் தொட்டாள். வலது முன் குளம்பு மட்டும் சுட்டது.

“டாக்டர் வர்ற வரைக்கும் யாரும் வலி மருந்து குடுக்கக் கூடாது. குடுத்தா நொண்டுறது தெரியாமப் போயிடும்.”

“உத்தரவு போலீஸம்மா,” என்று சித்தப்பா சல்யூட் அடித்தார். நாங்கள் சிரித்தோம்.

கறுப்பியைப் பந்தயக்காரர் ஒருவருக்கு விற்க முதலாளி பேசி முடித்திருந்தார். டாக்டர் நல்லபடியாகச் சொன்னால் மறுநாளே வண்டி ஏற்றிவிடுவார்கள். அங்கே போனால் தடை தாண்ட வேண்டும். இந்தக் காலோடு தாண்டினால் அதோடு முடிந்தது என்று சித்தி பயந்தாள்.

காலையில் டாக்டர் வந்தார். கறுப்பி ஓடியது. தலை சீராகவே இருந்தது.

“எந்தக் காலும்மா?”

“முன் வலது, டாக்டர்.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“போலீஸ் இந்தத் தடவை தப்பான ஆளைப் பிடிச்சிருச்சு,” என்றார் முதலாளி. சித்தப்பாவும் சிரித்தார்.

சித்தி கொட்டிலுக்குள் போனாள். நானும் போனேன். தொட்டியில் பாதித் தவிடு அப்படியே கிடந்தது. கறுப்பி தவிட்டில் ஒரு துகளைக்கூட மிச்சம் வைக்காது. சித்தி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள். ஒரே கசப்பு. தவிடும் மருந்தும் வைக்கிற தீனி அறைக்கு இரண்டே சாவி. ஒன்று அவள் இடுப்பில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொன்று யாரிடம் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்தாள்.

“தவிட்டுல வலி மருந்து கலந்திருக்கு, டாக்டர். மருந்தோட வேகம் இறங்கினப்புறம் இன்னொரு தடவை பாருங்க.”

“யார் கலந்தது?”

“என் வீட்டுக்காரர்.”

சித்தப்பா முதலாளியைப் பார்த்தார். “கறுப்பி ஒரு நாள் ஒழுங்கா நடந்தா போதும், உன்னைத் தலைமை ஆளாக்குறேன்னு சொன்னீங்களே.”

“நான் எங்கய்யா சொன்னேன்?”

கல்லூரியில் சேர்ந்த அன்று என்னை வாசல்வரை கொண்டுவிட்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டு நின்ற மனிதர் சித்தப்பா. அவரை வெறுக்க வேண்டும் என்று தோன்றியது, முடியவில்லை. பாவம் என்று நினைத்தாலோ சித்தியின் முகம் குறுக்கே வந்தது. நியாயம் பார்க்கத்தான் படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்து உடம்பை விட்டுப் போனபின் வருகிறேன், அதுவரை குதிரை எங்கேயும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார். முதலாளியும் நழுவினார்.

“வீட்டுக்கு வா, பேசிக்கலாம்,” என்றார் சித்தப்பா.

“நீங்க போங்க. நான் இது பக்கத்துல இருக்கேன்.”

அவர் திரும்பி நடந்தார்.

“சாவியை வச்சுட்டுப் போங்க,” என்றாள் சித்தி.