எட்டு சிலிண்டர் காருக்கு இளைத்த சக்கரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மலைச்சாலையில் எந்த வண்டியும் இரண்டாம் கியருக்கு மேல் போய் நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான், எழுபதுகளின் கடைசியில், என் வீட்டுக்காரர் எட்டு சிலிண்டர் கார் ஒன்று வைத்திருந்தார்.

சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார உதவி மானேஜர், எங்கள் சின்னதுரை, விட்டுவிட்டுப் போன வண்டி அது. ஆஸ்திரேலியாவின் நீளமான நேர்ச்சாலைகளுக்கென்று செய்தது. அது பெட்ரோல் குடிக்கிற குடிக்குப் பயந்து வேறு யாரும் கிட்டே வரவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த இவர்தான் மாலை போடாத குறையாக அழைத்துவந்து எங்கள் லயத்து வீட்டு வரிசை ஓரமாக நிறுத்தினார். மூக்கு எங்கள் வாசலிலும் வால் பக்கத்து வீட்டு வாசலிலும் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரி அதன் வால்பக்கத்தில் துணி காயப்போட்டாள். எனக்குத் தெரிந்து அந்தக் கார் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தவர், பிளைவீலில் விரிசல் என்றார். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சுழலும் கனமான இரும்புத் தட்டு அது. உடைந்ததற்குப் பதில் அதேபோல் ஒன்று வாங்கினால் கதை முடிந்தது. ஆனால் அந்தக் கனத்தைச் சுமந்துதான் எஞ்சின் மூச்சு வாங்குகிறது, இளைத்த சக்கரம் போட்டால் மிதித்த மாத்திரத்தில் பாயும் என்று யாரோ இவர் காதில் ஓதிவிட்டார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், எந்தப் பக்கம் பாய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். காதில் விழாதவர்போல் நட்டுக்குப் பூசுகிற எண்ணெயைத் தேடிக்கொண்டு போனார்.

ஈப்போவிலிருந்த உதிரிபாகக் கடையிலிருந்து ஒரு புத்தகம் வரவழைத்தார். முழுக்க ஆங்கிலம். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவார் இவர். ஆங்கில எழுத்தைக் கண்டால் மட்டும் பெரியதுரை முன்னால் நிற்பதுபோல் கைகட்டி நிற்பார். நான் தானா ராத்தா டவுன் ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, வரை படித்தவள். ஆகவே தினமும் சாயங்காலம் சோறு கொதிக்கிற அடுப்படியில் அந்தப் புத்தகத்தை நான் வாசிக்க, அவர் சுவரில் சாய்ந்தபடி கேட்பார். ஒரு வரி விடக் கூடாது. விட்டால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவதாக வேறு சொல்லிக்கொள்வார்.

அந்த வாரம்தான் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை. நேர்காணல் ஈப்போவில், காலை பதினொரு மணிக்கு. வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி ஆண்டு. ஆறு ஆண்டுகளாகக் குழந்தைக் கொட்டகையில் மற்றவர்கள் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கடிதத்தை அரிசி டின்னுக்குள் வைத்து, தினமும் ஒரு தடவை எடுத்துப் படித்தேன்.

பஸ்ஸில் போகிறேன் என்றேன். இவர் துடித்துப்போனார். டீச்சர் வேலைக்குப் போகிறவள் கசங்கின சேலையோடு போவதா, காரிலேதான் கொண்டுபோய் இறக்குவேன் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். காரோ வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடந்தது. நாள் இருந்தது ஐந்து வாரம். கடைக்காரரிடம் கையிருப்பில் இருந்தது அலுமினியச் சக்கரம் ஒன்றுதான். பழையது ஒரு கூடைப் பச்சைக்கொழுந்து கனமென்றால், இது அரைக்கூடைகூட வராது. கொஞ்சமாக இளைத்த எஃகுச் சக்கரமும் புத்தகத்தில் இருந்தது, ஆனால் கப்பலில் வர இரண்டு மாதம்.

இவருக்கு அலுமினியத்தின் மேல் ஆசை, ஆனால் மனசின் மூலையில் ஒரு சந்தேகம். கையில் ஆறின தேநீரோடு கேட்டார்.

"ஏத்தத்துல நிப்பாட்டி எடுக்குறதப் பத்தி அதுல ஏதும் போட்டிருக்கானா, பாரு."

போட்டிருந்தது. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஒரு முழுப் பத்தி. பந்தயத் தடத்துக்கு மட்டும் உகந்தது, மேட்டில் நின்று கிளம்பும்போதும் மெதுவாக ஊரும்போதும் எஞ்சின் அணைந்துபோகும் என்று. மனசுக்குள் இரண்டு தடவை படித்தேன். எஃகுக்குக் காத்திருந்தால் என் நேர்காணல் அன்றைக்கும் கார் கல்லின் மேல்தான் நிற்கும், லயம் முழுக்கச் சொல்லிவிட்டவர் என்னைப் பஸ்ஸில் போக விடவும் மாட்டார்.

"ஒன்னும் இல்லைங்க. நல்லா ஓடும்னுதான் போட்டிருக்கு."

என் முகத்தைப் பார்த்தார். எதையும் கண்டுபிடிக்கவில்லை.

சக்கரம் வந்தது. நேர்காணலுக்கு முதல் நாள் சாயங்காலம்தான் வேலை முடிந்தது. தொழிற்சாலை முற்றத்துச் சமதரையில் இரண்டு சுற்று ஓட்டினார், எஞ்சின் புலியாய் உறுமியது. இவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம். பழுது பார்த்து முதன்முதலாக வெளியே கிளம்பும் எந்த வண்டியும் மேட்டுச் சாலையின் ஏற்றத்தில் பாதி வழியில் இருக்கும் முனியாண்டி கோயில் முன்னால் நிற்காமல் போகாது. மானேஜர் வண்டியே நிற்கும். நேர்காணல் அன்று விடியற்காலையில் நாங்களும் நின்றோம். சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து, கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி அணைந்தது. உறுமவிட்டு எடுத்தால் கிளட்ச் கருகும் நாற்றம். பின்னால் உருட்டிச் சமதரைக்குப் போகலாமென்றால் தோட்டத்து லோரி வந்து நின்றுவிட்டது, அதன் பின்னால் டிராக்டர். அந்த லோரி டவுனுக்குத்தான் போகிறது. அதில் தொற்றிக்கொண்டால் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அதை மறித்துக்கொண்டு நிற்பதே நாங்கள்தான்.

கடைசியில் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். நான் இறங்கப்போனேன். "நீங்க எறங்காதீங்க டீச்சரம்மா, சேலை கசங்கிடும்லா" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எட்டு சிலிண்டரைப் பதினான்கு பெண்கள் மேடேற்றினார்கள், நான் உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

பெரிய சாலையை அடைந்ததும் கிளட்ச் மொத்தமாகப் போய்விட்டது. பஸ்ஸும் போய்விட்டது. மேல்மலைத் திரிங்காப்பிலிருந்து வந்த காய்கறி லோரியில் முட்டைக்கோஸோடு மலையடிவாரத்துத் தாப்பா வரை இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஈப்போ சேர்ந்தபோது மணி இரண்டு. சீக்கிரம் வந்திருக்கக் கூடாதா அம்மா என்றார் வாசலில் இருந்தவர், நல்ல மனுஷர்.

அதன்பிறகு இவர் மூன்று தடவை கியர்பாக்ஸை இறக்கினார். தான் எங்கே தப்புப் பண்ணினோம் என்று ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தார். புத்தகத்தைச் சரியாகப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். என் சம்சாரம் வரிவரியாகப் படித்துச் சொன்னாள், மாட்டத் தெரியாமல் மாட்டின கை என்னுடையது என்பார். நான் அடுப்படியில் பாத்திரத்தை உரக்கக் கழுவுவேன்.

எண்பதுகள் பிறந்து, வேறு யாரோ ஒருத்தி டீச்சராக வந்து சேர்ந்த அன்று, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"உன் வேலைய நான்தான் கெடுத்துட்டேன். மனசுல வச்சுக்காத புள்ள."

இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு சொன்னது. வாயைத் திறந்தேன்.

"பரவால்ல, விடுங்க" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. புருஷன் செய்த அவ்வளவு பெரிய தப்பை ஒரு வார்த்தை பேசாமல் மன்னித்தவள் என்று லயத்தில் எனக்கு இன்றைக்கும் நல்ல பேர்.