ஐந்து வருட உத்தரவாதம்

என் அப்பா பனையோலையால் கூரை வேய்கிறவர். சங்கரன்கோவிலைச் சுற்றியிருக்கும் ஊர்களில் "மேயுத ஆளு எங்க இருக்காரு?" என்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். அவர் பெரிய கைகாரர் என்பது உண்மைதான். ஆனால் அதைவிட, வேறு யாரும் மிச்சமில்லை என்பதுதான் காரணம். நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். பி.காம். முடித்துவிட்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கணினிக் கடையில் தட்டச்சு வேலை செய்கிறேன். மனு, ஒப்பந்தம், பயோடேட்டா, கல்யாண பேனர் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அப்பாவின் தொழிலை முடித்து வைத்ததும் அந்தக் கையால் அடித்த ஒரு பக்கம்தான்.

கூரை வேய இரண்டு பேர் வேண்டும். மேலே இருப்பவர் ஓலையைப் பரப்பி, நார் கோத்த மூங்கில் ஊசியை உள்ளே குத்தி இறக்குவார். வீட்டுக்குள் நிற்பவர் அதைப் பிடித்து, குறுக்குக் கம்பைச் சுற்றி மறுபடி மேலே ஏற்றிவிட வேண்டும். மேலே இருப்பவர் இழுத்து முடிச்சுப் போடுவார். நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. எங்கள் அப்பாவுக்குக் கல்யாணமான அடுத்த மாதத்திலிருந்து உள்ளே நிற்பவர் அம்மாதான். அதனால் எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கூரை வழியாகவே நடந்தது.

"ஏட்டி, ஊசிய விடு. நின்னுக்கிட்டே தூங்குதியா?"

"கண்ணெல்லாம் தூசி. நீரு குத்துத குத்துல என் கண்ணு ஒருநா போயிரும், பாத்துக்கிடும்."

"போனா நல்லதுதான? என் மூஞ்சிய பாக்க வேண்டாம்லா."

"அதப் பாக்க வேண்டாம்னுதான உள்ள நிக்கேன்."

வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். நான் விடுமுறை நாட்களில் ஓரமாக உட்கார்ந்து நாரை நனைத்துக் கொடுப்பேன். அவர்கள் பேசாமல் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

ஓலைக் குடிசைகள் ஒவ்வொன்றாகக் கான்கிரீட் வீடுகளாகின. அரசாங்கத் திட்டத்துக்கான மனுக்களில் பலவற்றை அடித்துக் கொடுத்ததே நான்தான். அந்த வீடுகளில் பிள்ளைகள் நனையாமல் படுக்கின்றன. யாருக்கும் அது கிடைக்கக் கூடாது என்று அப்பா ஒருநாளும் நினைத்ததில்லை. நான் நினைத்திருக்கிறேன். மனுவை அடித்துக்கொண்டே, இது தள்ளுபடியாகட்டும் என்று நினைத்திருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன், தை பிறந்து பங்குனி வரைக்கும் அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு டீக்கடையும் ஒரு மாட்டுக் கொட்டகையும்தான்.

அந்தப் பங்குனியில்தான் கடையநல்லூரிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். வளைகுடாவில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்கு நான்கு குடில்கள் போடப் போவதாகச் சொன்னார்.

"பனையோலதான் போடணும் அண்ணாச்சி. இது நல்லா போச்சுன்னா, இன்ஷா அல்லாஹ், இன்னும் எட்டு போடலாம்னு இருக்கேன். பேங்குல மட்டும் ஒரு கொட்டேஷன் கேக்காங்க."

அப்பாவுக்கு அந்தச் சொல் புரியவில்லை. ஆனால் எழுத்து சம்பந்தப்பட்டது என்று தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்ல? உண்டியலை உடைக்கும் நாளில் ஒரு முகம் இருக்குமே, அது.

"அதுக்கென்ன முதலாளி, எம் மவ எழுதித் தருவா. இங்கிலீசுலயே தருவா."

மறுநாள் கடையில் உட்கார்ந்தேன். கூரை வேய்வதற்கு யாரும் கொட்டேஷன் எழுதியதில்லை; மாதிரி கிடையாது. மொட்டை மாடிக்கு நீர்க்கசிவு மருந்து அடிக்கும் ஒரு காண்ட்ராக்டருக்கு நான் அடித்துக் கொடுத்த தாள் கணினியில் கிடந்தது. அதைத் திறந்து பெயரை மாற்றினேன். அப்பா பெயருக்குக் கீழே 'புரொப்ரைட்டர்' என்று போட்டேன். அந்தத் தாளின் ஐந்தாவது வரியில், ஐந்து வருடத்துக்குள் ஒழுகினால் இலவசமாகச் செய்து தரப்படும் என்று இருந்தது. அதை எடுக்கவில்லை. எடுக்க மறந்தேன் என்று சொன்னால் பொய். அந்த வரி இருந்தால்தான் தாளுக்கு மதிப்பு என்று எனக்குத் தோன்றியது.

வீட்டில் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஐந்தாவது வரியில் அப்பா நிமிர்ந்தார்.

"அஞ்சா?"

"நம்ம மேஞ்ச வீடெல்லாம் நாலஞ்சு வருஷம் நிக்கத்தானப்பா செய்யுது?"

"நிக்கும். ஆனா யாருட்டயும் நம்பர் சொல்லி நான் மேஞ்சதில்ல மக்கா."

"இப்படிப் போட்டாத்தாம்ப்பா கம்பெனி மாதிரி இருக்கும்."

அவர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, காயட்டும் என்று தாளை ஊதினார். அது பேனா மை கூட இல்லை, பால்பாயிண்ட்.

நாங்கள் சங்கரன்கோவில்காரர்கள். ஆனி ஆடியில் மேற்கே மலை மேல் மேகம் கறுத்துக் கிடப்பதைப் பார்ப்போம். எங்களுக்கு வருவது காற்று மட்டும்தான். துணி சீக்கிரம் காயும். அதே காற்று மலையடியில் சாரலாக இறங்கி, நாள்கணக்கில் நசநசவென்று ஓலையை ஊற வைக்கும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. போதாததற்கு, முதலாளி இரும்புக் குழாயில் சட்டத்தை முன்பே வெல்டிங் செய்து வைத்திருந்தார். அப்பா அதைப் பார்த்ததும் சரிவு போதாது, தண்ணீர் ஓடாது, தேங்கும் என்றார். போட்டோவுக்கு அதுதான் அழகு என்று முதலாளி சொன்னார். பொறியாளர் போட்ட கணக்கு, சரியாகத்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன்.

முதல் வருடச் சாரலை நான்கு குடில்களும் தாங்கின. மறு வருடம் ஆனியில் போன் வந்தது. மதுரையிலிருந்து வந்து தங்கிய ஒரு குடும்பம் நனைந்த மெத்தையை முற்றத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தது. நாங்கள் மூவரும் போனோம். முதலாளி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தாளை பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்.

"நான் சண்டைக்கு வரல அண்ணாச்சி. நீங்க எழுதிக் குடுத்ததத்தான் கேக்கேன்."

சரிவைப் பற்றிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழுதிக் குடுத்தாச்சுலா. மேஞ்சிருவோம்."

ஆனால் ஓலைக்கு எங்கே போவது? பனை ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பனைகளே செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக் கூரைக்கென்று அப்பா ஒரு வருடமாகச் சேர்த்து, மிதித்து, கல் ஏற்றி வைத்திருந்த ஓலைக்கட்டு பின்பக்கம் கிடந்தது. கூரை வேய்கிறவர் தன் வீட்டைக் கடைசியில்தான் வேய்வார். அது எங்கள் வழக்கம். அந்த வருடம் அந்தக் கடைசியும் வரவில்லை. கட்டு அப்படியே வேனில் ஏறிப் போனது. எங்கள் கூரை மேல் போட, எழுத்துப் பிழையால் கடையில் தங்கிப்போன ஃப்ளெக்ஸ் பேனர்களை நான் கொண்டுவந்தேன். யாரோ ஒரு மணமக்கள். படம் கீழ்ப்பக்கமாக விரித்திருந்ததால், ஓலை உதிர்ந்த இடத்தில் அவர்கள் முகம் உள்பக்கம் தெரிந்தது. "தாலி கட்டுன நாள்லருந்து ரெண்டு பேரும் நம்மளத்தான் பாத்துக்கிட்டு இருக்காக" என்று அம்மா சொன்னாள்.

இந்த வருடம் மறுபடி ஒழுகியது. விளாத்திகுளம் தாண்டிப் போய் ஓலை வாங்கினோம். அம்மாவுக்குக் கண்ணில் புண். இனி தூசி பட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு உள்ளே நிற்க நான் போனேன்.

நான் அதற்கு லாயக்கில்லாதவள். ஊசியைக் கம்பின் தப்பான பக்கம் ஏற்றினேன். ஈர நார் இரும்பில் வழுக்கியது. மக்கிய ஓலை என் தலையில் கொட்டியது. அம்மாவாக இருந்தால் அப்பா ஆயிரம் ஏச்சு ஏசியிருப்பார். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. தப்பாக வந்த ஊசியை மெதுவாகத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது குடிலில் ஊசி வரவே இல்லை.

"யப்பா, ஊசி?"

இரும்புக் குழாயைத் தட்டினேன்.

"யப்பா!"

வெளியே ஓடினேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா கூரை உச்சியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெரலு மடங்க மாட்டேங்கு மக்கா. செத்த நேரம் பொறு. சரியாயிரும்."

சரியாகவில்லை. இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஊசியைப் பிடித்துப் பார்த்தார். அது நழுவிக் கூரையில் உருண்டு என் காலடியில் விழுந்தது.

நான் முதலாளியிடம் போனேன். என் தலை முழுக்க ஓலைக் குப்பை. "அந்தத் தாளை ரத்து பண்ணிருங்க. தப்பு எங்கப்பா மேல இல்ல, எழுதுன என் மேல" என்றேன். யாரிடமும் கெஞ்சக் கூடாது என்பதற்காகப் படித்தவள் நான். கெஞ்சினேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். "நானும் மனசு கஷ்டப்பட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்று சொல்லி, மேசைக்கு அடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நீட்டினார். காய்ந்த பனையோலை நிறத்தில், நரம்பு கூட அச்சாக இருந்தது. பிளாஸ்டிக். அடுத்த வாரம் வரப் போகிறதாம். "மாட்டுத வேல அண்ணாச்சிக்கே. வேற ஆளக் கூப்பிட மாட்டேன்."

அப்பா இறங்கி வந்து அதை வாங்கிப் பார்த்தார். வளைத்தார். முகர்ந்தார்.

"இது எத்தன வருஷம் முதலாளி?"

"இருபது வருஷம்னு கம்பெனிக்காரன் போட்டிருக்கான்."

"அப்போ இருபது வருஷத்துக்கு யாரும் மேல ஏற வேண்டாமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

முதலாளி என் தாளை உறையிலிருந்து எடுத்து, எங்கள் கண்முன்னே கிழிக்கப் போனார். அப்பா பதறிப்போய் மடங்காத கையை நீட்டினார்.

"கிழிக்காதீங்க முதலாளி. எம் மவ எழுதுனது."

அதை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பிளாஸ்டிக் ஓலையை மாட்ட ஒரு மெஷினும் ஒரு பெட்டி ஸ்க்ரூவும் போதும். அப்பா இடது கையால் மெஷினைப் பிடித்தார். முதலாளியின் வாட்ச்மேன் ஓலையை எடுத்துக் கொடுத்தார். கடைசி நாள் சோறு கொண்டுவந்த அம்மா, பழக்கதோஷத்தில் குடிலுக்குள் போய் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே கையை உயர்த்தினாள்.

"உள்ள நான் என்ன செய்யணும்?"

மெஷின் சத்தம் நின்றது.

"ஒண்ணும் செய்யாண்டாம். வெளிய வந்து உக்காரு."

அம்மா வந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேருந்திலும் பேசவில்லை. நான்தான் டிக்கெட் வாங்கினேன்.

இப்போது ஐப்பசி. எங்களுக்கு உண்மையான மழை இனிமேல்தான். ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளையின் தோள்பட்டை கிழிந்துவிட்டது. நான் உள்ளே நிற்கிறேன், நம் வீட்டையாவது வேய்ந்துவிடலாம் என்று அப்பாவிடம் இரண்டு முறை சொன்னேன். ஓலை கிடைக்கட்டும் என்கிறார். ஓலை தேடி அவர் எங்கும் போகவில்லை.

போன வாரம் சிவகிரியிலிருந்து வந்த மாமா, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்த அந்தத் தாளைப் பார்த்து, "இது என்னது அத்தான்?" என்று கேட்டார்.

"எம் மவ இங்கிலீசுல எழுதுனது." அப்பா வலது கையால் அதைப் பிடிக்க முடியாமல் இடது கைக்கு மாற்றினார். "இன்னும் ரெண்டர வருஷம் கெடக்கு அதுல."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.