கவட்டைக் கயிறு

இன்றைக்கும் யாராவது இரண்டு நாய்களை ஒரே கயிற்றில் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நாய்கள்மேல் இல்லை, பிடித்துப் போகிறவர்மேலும் இல்லை. கழக்கூட்டத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பெண் காலையில் இரண்டு லாப்ரடார்களை அப்படித்தான் நடத்திக்கொண்டு போகிறார். ஒரு பிடி, இரண்டு கிளை, பளபளப்பான வார். கடையில் வாங்கியது. எங்களுடையதை என் அப்பாவும் பெரியப்பாவும் செய்தார்கள். கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

அப்போது நாங்கள் கரமனையில் ஆற்றை ஒட்டிய ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தோம். முன்பாதியில் பெரியப்பா குடும்பம், பின்பாதியில் நாங்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு டைல்ஸ் வேலைக்குச் சேர்ந்து வந்த அண்ணன் தம்பி. பெரியப்பா வெட்டுவார், அப்பா பதிப்பார். லீவு நாட்களில் என்னையும் அக்காவையும் வேலை நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். அக்கா என்றால் பெரியப்பா மகள். அப்பா குனிந்த தலை நிமிராமல் இடக்கையை நீட்டுவார், பெரியப்பா வெட்டிய துண்டு அதில் வந்து உட்காரும். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டையோ என்று நான் பயந்திருக்கிறேன். நிஜச் சண்டை வந்தபோதுதான் தெரிந்தது, இருவரும் எவ்வளவு பேசக்கூடியவர்கள் என்று.

நாய்கள் ஒரே ஈற்றில் பிறந்தவை. ஆற்றுக் கடவின் படிக்கட்டில் மழையில் நனைந்துகொண்டு கிடந்த குட்டிகளில் அக்கா ஒன்றைத் தூக்கினாள், நான் ஒன்றைத் தூக்கினேன். எங்களுடையதற்கு அப்பா சிங்கம் என்று பேர் வைத்தார். ஆட்டோ ஹாரன் கேட்டாலே சிங்கம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அவர்களுடையது குட்டன், பேர்தான் குட்டன், கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது. நாய்களைத் தெருவில் அவிழ்த்துவிடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னதும் பெரியப்பா ஒரு தோல்வார் வாங்கிவந்தார். அப்பா, மாடிக்குச் சாமான் ஏற்றும் நைலான் கயிற்றில் ஒரு துண்டை வெட்டி, நடுவில் வளையமும் இரு முனைகளிலும் கொக்கியும் வைத்து வாரின் நுனியில் மாட்டினார். பார்க்கக் கவட்டை மாதிரி இருந்தது. அதுவே பேராகிவிட்டது.

முதல் சில நாட்கள் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக் கம்பத்தில் மாட்டிக்கொண்டன. பிறகு கற்றுக்கொண்டன. குட்டன் இடப்பக்கம், சிங்கம் வலப்பக்கம். ஒன்று மோந்து பார்க்க நின்றால் மற்றதும் நிற்கும். நானும் அக்காவும்தான் வாரை யார் பிடிப்பது என்று அடித்துக்கொண்டோம்.

பிறகு அந்தக் குளியலறை வந்தது. கழக்கூட்டத்தில் ஏதோ ஒரு ஃபிளாட். குளியலறைத் தரையில் தண்ணீர் வடிய வாட்டம் விடவேண்டும். அது தலைகீழாகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் வாசலைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனது. தரை முழுவதையும் உடைக்கவேண்டும் என்று எஞ்சினியர் கத்தினாராம். அப்போது பெரியப்பா, “பதிச்சது அவந்தான் சார்” என்று சொல்லிவிட்டார்.

பொய்யில்லை. பதித்தது அப்பாதான். ஆனால் அந்த உண்மையை அப்பாவால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் முற்றத்தில் நின்று கேட்டார்: “நாங்க பதிச்சோம்னு சொன்னா ஒன் நாக்கு அழுகிருமா?”

“வாட்டத்தப் பாக்காம நீ போன்ல இளிச்சிக்கிட்டு நின்னதுக்கு நான் ஏம்ல ஏச்சு வாங்கணும்?”

“அண்ணன்னு நெனச்சு நின்னேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்.”

“அடிச்சிக்கோ. செருப்பு வேணுமா?”

அடுத்த வீட்டு மலையாளிகள் சன்னலுக்கு வந்துவிட்டார்கள். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே குழாயில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினார்கள். அண்ணன் தம்பி பிரிந்தால் பாகப்பிரிவினை வேண்டும் அல்லவா? இரண்டு குடும்பத்துக்கும் பொதுவில் இருந்த ஒரே சொத்து அந்தக் கயிறுதான். தோல்வார் பெரியப்பா வீட்டுக்குப் போயிற்று. கவட்டை எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. நாய்களை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கட்டினார்கள்.

கட்டிய நேரத்திலிருந்து இரண்டும் ஊளையிட்டன. ஒன்று நிறுத்தினால் மற்றது எடுத்துக்கொடுத்தது. தனியாக நடத்திப்போனால் வாசலைத் தாண்டாமல் உட்கார்ந்துவிட்டன. வீட்டுக்காரர் வந்து, “ரெண்டும் மிண்டாதெ இரிக்கணும். இல்லெங்கில் ஞான் ஆளெ விளிச்சுப் பிடிப்பிக்கும்” என்றார். வாயை மூடாவிட்டால் ஆள் வைத்துப் பிடித்துக்கொண்டு போகச் செய்வார். அப்பா தலையாட்டினார். முன்பாதியில் பெரியப்பாவும் தலையாட்டியிருப்பார். அதோடு இருவரும் அதை மறந்துபோனார்கள். நான் மறக்கவில்லை. பிடித்துக்கொண்டு போன நாய்கள் திரும்பி வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வழி கண்டுபிடித்தது அக்காதான். “நீ கவட்டையப் பைக்குள்ள வச்சுக் கொண்டா. நான் வாரோட வாரேன். கடவுல வச்சு மாட்டுவோம். ஒருத்தருக்கும் தெரியண்டா.” பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் குட்டனை இழுத்துக்கொண்டு ஒரு சந்தில் போவாள். நான் சிங்கத்தைத் தூக்கிக்கொண்டு இன்னொரு சந்தில் போவேன். கடவில் கொக்கியை மாட்டியதும் இரண்டும் பழைய இடங்களில் வந்து நின்றுகொள்ளும். ஆற்றோரம் ஒரு நடை நடந்து வந்தால் போதும், அன்று முழுக்க ஊளை இருக்காது. வீட்டுக்காரர் பக்தி மிகுந்தவர், தான் நேர்ந்துகொண்டதால் அடங்கிவிட்டன என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் வார் என் கையில் இருந்தது. கடவிலிருந்து மேலேறி ரோட்டோரம் வந்தபோது, பஸ் ஸ்டாப் பக்கமிருந்து தோளில் பையோடு அப்பா வந்துகொண்டிருந்தார். பாலத்துப் பக்கமிருந்து பெரியப்பா வந்தார். இருவரும் எங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். நின்றுவிட்டார்கள்.

நாய்களுக்கு இந்த விவகாரம் தெரியாது. சிங்கம் அப்பாவைப் பார்த்துப் பாய்ந்தது. குட்டன் பெரியப்பாவைப் பார்த்துப் பாய்ந்தது. கவட்டை விறைத்துக்கொண்டது. ஒன்று இழுக்க மற்றதன் கழுத்து இறுகியது. சிங்கத்துக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் பஸ்கள் உரசிக்கொண்டு போயின. நான் வாரை விட்டால் இரண்டும் ரோட்டில், விடாவிட்டால் கழுத்து நெரியும்.

“யாராவது வாங்களேன்!” என்று கத்தினேன்.

யாரும் வரவில்லை. இதைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இரண்டு பேரில் ஒருவர் பத்தடி வந்திருந்தால் கயிறு தளர்ந்திருக்கும். முதலில் காலெடுத்து வைப்பவன் தோற்றவன் என்று அந்த இரண்டு பெரிய மனிதர்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள், வெட்கமில்லாமல். அக்கா அழுதுகொண்டே தன் அப்பாவைப் பார்த்து, “ஒங்களுக்குக் கண்ணு தெரியலையாப்பா?” என்று கத்தினாள்.

கடைசியில் என் அப்பா வந்தார். வரும்போதே பையிலிருந்து சிமெண்ட் சாக்கு கிழிக்கும் கத்தியை எடுத்தார்.

“கொக்கிய ஊரினா போதும் சித்தப்பா, அறுக்கண்டா!” என்று அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

கொக்கியைக் கழற்றக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. அதைச் செய்த கைக்கு அது தெரியாதா? அறுத்தார். தான் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்ட கயிற்றை வளையத்துக்கு இரண்டு பக்கமும் அறுத்தார். சிங்கத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். குட்டன் பெரியப்பாவிடம் ஓடியது. அவர் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பா கண்ணிலிருந்து மறையும்வரை அங்கேயே நின்றார். வெறும் வாரோடு நான் நடுவில் நின்றேன். எனக்கு இருவரையும் கடிக்கவேண்டும்போல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வித்துராவுக்குக் குடிபோனார்கள். பொன்முடி போகும் வழியில் பங்களா கட்டுகிறார்களாம், அங்கே வேலை. சாமான் வண்டியில் பாத்திரங்களுக்கு நடுவே அக்காவும் குட்டனும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். சேர்க்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து வந்தவன் என்று என்னை இப்போது சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது.

சிங்கம் ஊளையிடவில்லை. தனி வாரில் நடக்கவும் செய்தது. ஆனால் ரோட்டின் வலது ஓரத்தை உரசிக்கொண்டே நடக்கும், இடப்பக்கம் ஒரு நாய் போகிற அளவுக்கு இடம் விட்டு. ஓடைக்குள் கால் வழுக்கினாலும் நடுவில் வராது. “ஈ பட்டி கள்ளு குடிச்சோ?” என்று நாயைக் காட்டிக் கடைக்காரர் சிரிப்பார். நான் அவரைப் பார்த்து முறைப்பேன்.

அந்தப் பரீட்சை லீவில் அப்பா என்னை வேலைக்குக் கூட்டிப்போனார். புது ஆள் ஒருவன் பால்கனியில் உட்கார்ந்து டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தான். அப்பா உள்ளே முட்டிபோட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பதித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். குனிந்தபடியே இடக்கையை நீட்டினார். தாகமோ என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை அதில் வைத்தேன். விரல்கள் மூடின. அப்பா திரும்பிப் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மாறியது. பாட்டில் சுவரில் போய் அடித்தது.

“ஒன்ட்ட யாருல தண்ணி கேட்டா?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கையை நீட்டியது இவர், கொடுத்தவன்மேல் பாய்வதும் இவர். இனி எது கேட்டாலும் தரக்கூடாது என்று முடிவுசெய்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அப்பா எழுந்துபோய்ப் பால்கனியிலிருந்து துண்டைத் தானே எடுத்து வந்து பதித்தார். சுத்தியல் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தேன். கை மறுபடியும் நீண்டிருந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

நான் எதையும் வைக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. அப்போது அது என்னிடம் நீட்டிய கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.