இருபத்து மூன்று வயதில் வந்த 'சிறந்த பாடல்கள்'

அவள் மலேசியாவில் கிள்ளான் ஊர்க்காரி. வயது இருபத்து மூன்று. அதுவரை இரண்டே ஆல்பங்கள் பாடியிருந்தாள். மூன்றாவதாக வந்தது, 'சிறந்த பாடல்கள்' என்ற தொகுப்பு.

நான் அப்போது கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வேலை பார்த்தேன். உள்ளூர்ப் பாடகர்களைப் பற்றி வாரம் ஒரு பத்தி எழுதுவேன். அதை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. அதனாலோ என்னவோ, எழுதுவதில் எனக்குப் பயமே இருந்ததில்லை.

தொகுப்பில் பன்னிரண்டு பாடல்கள். எல்லாம் முன்பே கேட்டவை. 'ஓய்வு பெறுகிறவர்கள் போடவேண்டிய தொகுப்பை இப்போதே போட்டுவிட்டார். இனி இவரிடம் பாடுவதற்கு ஒன்றும் இல்லை போலும்' என்று முடித்தேன். நான்காவது பாட்டில் மட்டும் குரல் நடிக்காமல் பாடுகிறது என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை. கடைசி வரியைப் பக்கத்து மேசைக்காரரிடம் படித்துக் காட்டியபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிறு மதியத்துக்குள் அந்த வரி மட்டும் படம் பிடிக்கப்பட்டு எல்லோருடைய தொலைபேசிக்கும் போய்விட்டது. வானொலியில் ஒருவர் அதை வாசித்துச் சிரித்தார். இணையத்தில் விமர்சனம் செய்கிற இரண்டு பேர் அதையே தங்கள் கருத்துபோலச் சொன்னார்கள். அந்தத் தொகுப்பைப் பற்றி வேறு யாரும் வேறு எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை அவளுடைய அக்கா என்னைத் தேடி வந்தார். பிரிக்பீல்ட்ஸில் அலுவலகத்துக்குக் கீழே இருந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். இருவருக்கும் பாலில்லாத தேநீர், தே ஓ சொன்னேன். அவர் தொடவில்லை.

"நீங்கதானே அத எழுதுனது?"

"ஆமா."

"சண்ட போட வரல லா. சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன். அவளுக்குக் கழுத்துல கட்டி. ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சு. கட்டி கொரல் நரம்போட ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். இப்ப பேச்சு வருது, பாட்டு வரல. கம்பெனிக்கு மூணாவது ஆல்பம் பாடித் தரேன்னு முன்னயே சைன் பண்ணிட்டா. அதான் பழச எல்லாம் சேத்துப் போட்டாங்க."

விளையாட்டாக எழுதிய அந்தக் கடைசி வரியை அவர்கள் வீட்டில் எப்படிப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க. இந்த ஞாயித்துக்கெழமையே விவரமா எழுதிடறேன்."

"வேணாம்! வெளிய தெரியக் கூடாதுங்கறா. 'பாடத் தெரியாதவள்னு சொல்லட்டும், பாட முடியாதவள்னு சொல்லக் கூடாது'ன்னு சொல்றா."

"அப்பறம் ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

"வீட்டுக்கு வெளிய ஒருத்தருக்காவது தெரியணும்ல? அம்மாகிட்டகூட கொரல் திரும்பிரும்னுதான் சொல்லி வெச்சிருக்கோம்."

அந்த வாரம் இன்னொரு பத்தி எழுதினேன். பன்னிரண்டு பாடல்களையும் பாராட்டினேன். "போன வாரம் கிழிச்சிட்டு இந்த வாரம் மாலை போடறீங்க, என்னாச்சு?" என்று ஆசிரியர் கேட்டார். ஆனாலும் அச்சுக்கு அனுப்பிவிட்டார். கம்பெனி என்னை விலைக்கு வாங்கிவிட்டதாக வாசகர்கள் பேசிக்கொண்டார்கள். அவளைக் கேலி செய்ய அது இன்னொரு காரணமாயிற்று.

இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்தே ஒரு குறுஞ்செய்தி வந்தது. என்னையும் அக்கா என்றே அழைத்திருந்தாள். 'அக்கா, ரெண்டாவது கட்டுரை பாவம் பார்த்து எழுதினதுன்னு தெரியுது. மொத கட்டுரையில நாலாவது பாட்டைப் பத்தி ஒரு வரி எழுதியிருந்தீங்க. அத மட்டும் நம்பினேன். இப்ப அதையும் நம்ப முடியல.'

பதில் எழுதி எழுதி அழித்தேன். அந்த வரி உண்மை என்று நான் இனி எப்படிச் சொன்னாலும் அதுவும் இரக்கமாகத்தான் தெரியும். சனிக்கிழமை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். அவளுடைய அக்கா வாசல் கேட்டிலேயே என்னை நிறுத்திவிட்டார். "பாக்க மாட்டேங்கறா. மன்னிச்சிக்குங்க."

உள்ளிருந்து "யாரு?" என்று கேட்டது ஒரு குரல். தேய்த்து எடுத்ததுபோல், மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் இருந்தது. பன்னிரண்டு பாடல்களை எத்தனையோ முறை கேட்டவள் நான். ஆனாலும் அது யாருடையது என்று விளங்க ஒரு கணம் ஆனது.

"யாருமில்ல," என்றார் அக்கா.

அதன்பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. "உங்க ஒரு வரியில அந்தப் பொண்ணு காணாமப் போயிருச்சே" என்று சிலர் என்னிடம் பாராட்டாகவே சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று சொன்னால் காரணம் சொல்லவேண்டும். சிரித்து வைப்பேன். சில மாதங்களில் பத்தி எழுதுவதை விட்டேன். என் இடத்தில் வேறொருவர் எழுதினார். யாரும் வித்தியாசம் கண்டதாகத் தெரியவில்லை.

போன தீபாவளிக்கு முன்பு, பிரிக்பீல்ட்ஸ் சேலைக்கடை ஒன்றில் அந்த அக்காவைப் பார்த்தேன். தங்கை செமினியில் ஒரு கிடங்கில் பார்சல்களுக்கு முகவரி ஒட்டுகிறாளாம். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாதாம்.

"கொரல்?" என்று கேட்டேன்.

இல்லையென்று தலையசைத்தார். "அம்மாவும் கேக்கறத விட்டுட்டாங்க."

பிறகு கையிலிருந்த சேலையைக் கடைக்காரரிடம் கொடுத்து, வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்.